கதவில் ஒட்டிய எண்

டெல்மர் கிட்டல்சன் பொய் சொல்லிப் பழகிய ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் ஆளாளுக்கு அவரைக் கரித்துக்கொட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

அவருக்குச் சொந்த ஊர் வடக்கு டகோட்டாவில் இருக்கிறது. ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு சாப்பாட்டுக் கடை, ரயில் பாதையோரம் ஒரு தானியக் கிடங்கு, அவ்வளவுதான். அந்தக் கிடங்கின் எடைமேடையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் டெல்மர். அறுவடை வந்துவிட்டால் கோதுமை லாரிகள் சாலை முக்குவரை வரிசை கட்டி நிற்கும். லாரி மேடை ஏறும், டெல்மர் ஜன்னலைத் திறந்து எடையைச் சொல்வார், விவசாயி தலையாட்டிவிட்டுப் போவார். எந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று அவருக்கு அத்துப்படி. அளவுக்கு மீறி ஏற்றி வந்தவனை அவர் சும்மா விட்டதே இல்லை. "இது லாரியா, உன் மாமனார் வீட்டுக் கழுதையா?" என்று ஊரே கேட்க ஒரு சத்தம் போடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் சொந்த வண்டியில் கோட்டை விட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி லவோனும் வீட்டை விற்றார்கள். குளிர்காலம் முழுக்கத் தெற்கு டெக்சாஸில் எங்கள் முகாமில், கோடையில் பிள்ளைகள் வீட்டு வாசலில் என்று, வண்டியில் மாட்டி இழுத்துப்போகிற டிரெய்லர் வீட்டிலேயே காலத்தைக் கழிப்பதாகத் திட்டம். எங்கள் முகாமில் முக்கால்வாசிப் பேர் டகோட்டாப் பக்கமிருந்து அப்படி வந்தவர்கள்தான். லவோனுக்குப் பிடித்தது ஒரு பெரிய டிரெய்லர். பாத்திரம் கழுவும் இடத்துக்கு எதிரே அகலமான ஜன்னல், சுவரில் கணப்பு, மூட்டு வலிக்காமல் படுத்து எழுந்திருக்கிற மாதிரி படுக்கை. பதினாலாயிரம் பவுண்டு எடை. அதை இழுக்க டெல்மர் ஒரு டீசல் பிக்கப் வாங்கினார். விற்ற பையன் வாயெல்லாம் பல்லாக, "பதினெட்டாயிரம் பவுண்டு இழுக்கும் சார், பூ மாதிரி இழுக்கும்" என்றான். டெல்மர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவன் சொன்னது பொய்யும் இல்லை. இழுக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வகை டிரெய்லர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வருவது இல்லை. அதன் மூக்கு பிக்கப்பின் பின்பக்கச் சாமான் தொட்டிக்கு மேலே நீண்டுவந்து, தொட்டிக்குள் பொருத்திய கொக்கியில் உட்காரும். அதாவது வண்டி இழுக்கவும் வேண்டும், முதுகில் சுமக்கவும் வேண்டும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது அந்த மூக்கின் பாரம். டெல்மருடைய டிரெய்லருக்கு அது மூவாயிரம் பவுண்டு.

வண்டி வாங்கிய மறுநாள் டயருக்குக் காற்று எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்தார். கதவுத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர். டயர் காற்றுக் கணக்குக்கு மேலே ஒரு வரி: இந்த வண்டியில் ஆட்களும் சாமானும் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது. டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். டீசல் எஞ்சின் இரும்புக் குண்டு; வண்டி சுமக்கக்கூடியதில் பாதியை அதுவே தின்றுவிட்டிருந்தது. அவரும் லவோனும் ஏறி உட்கார்ந்தாலே மிச்சம் ஆயிரத்தைந்நூறுதான் தேறும். அதன்மேல் மூவாயிரத்தைக் கொண்டுபோய் எப்படி வைப்பது?

எடை பார்த்தே தலை நரைத்தவன் எடையில் ஏமாந்தான் என்றால் ஊர் சிரிக்காதா? வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். லவோனிடம், "அடியே, நான் மடத்தனம் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்புறம் செய்ததெல்லாம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பின் அச்சுக்கு மேல் இரண்டு காற்றுப் பைகளைப் பொருத்தினார். பாரம் ஏறினாலும் வண்டியின் பின்புறம் தாழாமல் தூக்கிப் பிடிக்கும் பைகள் அவை. பார்வைக்குச் சமமாக நிற்கும், தாங்கும் திறன் மட்டும் ஒரு பவுண்டுகூட அதிகமாகாது. இது டெல்மருக்குத் தெரியாதா என்ன? அடுத்தது எண். பிக்கப்பின் கதவில் 2500 என்று பொறித்த சின்னம் இருந்தது. அதே கம்பெனியின் 3500 இன்னும் தடித்த ஸ்பிரிங் பட்டைகள் வைத்த, கூடுதலாகச் சுமக்கிற வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. டெல்மர் தபாலில் இரண்டு 3500 சின்னங்களை வரவழைத்தார். லவோனின் தலை உலர்த்தும் கருவியை எடுத்துப்போய்ப் பழைய சின்னத்தைச் சூடுகாட்டிப் பெயர்த்துவிட்டு, புதியதை அளவெடுத்து ஒட்டினார். கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தார். அன்று சாயங்காலம் லவோன், "ஏன் டெல், என் மெஷின்ல என்னமோ பசை நாத்தம் அடிக்குதே?" என்று கேட்டபோது, "கொட்டகையில குழாய் உறைஞ்சிருந்துச்சு, சூடுகாட்டினேன்" என்றார். அதுதான் முதல் பொய். மே மாதம் அது; எந்தக் குழாய் உறையும்?

தெற்கே வரும் வழி நெடுக ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்தபடி இருந்தது. பக்கத்தில் லவோன் பேத்திக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டு, "சும்மா சொல்லக்கூடாது டெல், கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு இறக்கத்திலும் அவர் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டார். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இங்கே வந்து சேர்ந்ததும் என்ன ஆயிற்று என்றால், டெல்மர் பெரிய நாட்டாமை ஆகிவிட்டார். எடைமேடைக்காரர் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வந்து சந்தேகம் கேட்டார்கள். அவரும் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருந்தால்தானே? எவனாவது தன் வண்டியை உற்றுப் பார்த்துவிடுவானோ என்று பயந்து, முந்திக்கொண்டு அடுத்தவன் வண்டியைப் பழிப்பார்.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு டிரெய்லர் வருகிறதென்றால் ஆண்கள் எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வருகிறவர் பின்னோக்கி எடுத்துத் தன் இடத்தில் நிறுத்தி முடிக்கிறவரை கிண்டல்தான். புருஷன் இடதுபக்கம் ஒடிப்பார், பெண்சாதி வலதுபக்கம் கை காட்டுவாள். பாதிக் கல்யாணங்கள் அந்த இடத்தில்தான் முறியப் பார்க்கும்.

இரண்டாவது குளிர்காலத்தில், நவம்பரில், ஆர்லன் போட்சர் வந்தார். டெல்மரின் ஊருக்குப் பக்கத்து விவசாயி. அவர் அப்பா காலத்திலிருந்தே கோதுமையை டெல்மரின் மேடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனைவி ரெனேயோடு ஒரு பெட்ரோல் பிக்கப்பில் நடுத்தர டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர்களுக்கும் அதுதான் வீடு. பிக்கப்பின் பின்புறம் பாரத்தில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கதவில் 2500.

நாற்காலி வரிசையில் டெல்மருக்குப் பக்கத்தில் இருந்த லெஸ்டர், "என்ன டெல்மர், இது தாங்குமா?" என்று கேட்டார்.

டெல்மர் அந்த எண்ணைப் பார்த்தார். ஏனோ உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏம்ப்பா ஆர்லன்! உன் வண்டி என்ன, முட்டை போடக் குந்தியிருக்கா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். "பெட்ரோல் வண்டி, அதுலயும் 2500. இதுல போயி ஒரு வீட்டையே தூக்கி வெச்சுக்கிட்டு வந்திருக்கியே, பொண்டாட்டி மேல அவ்வளவு கோவமா உனக்கு?"

இன்னொரு சிரிப்பு எழுந்தது. ரெனே கை காட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். ஆர்லன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சிரிக்காமல் கேட்டார்: "நெசமாவா டெல்மர்? தாங்காதா?"

"நான் சொல்லி எது தப்பாயிருக்கு?" என்றார் டெல்மர்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆர்லன் போடா என்று போயிருப்பார். சொன்னது டெல்மர் ஆயிற்றே. அந்தக் குளிர்காலம் முழுக்க ரெனே வண்டியில் ஏறவே பயந்தாள். இன்னொரு பெரிய வண்டி வாங்க அவர்களால் ஆகாது. பிப்ரவரியில் டிரெய்லரின் ஜன்னலில் விற்பனைக்கு என்று ஒரு அட்டை தொங்கியது. விற்றுவிட்டு ஃபார்கோவில் மகன் வீட்டு நிலவறையில் போய் இருக்கப்போகிறார்களாம். வெளிச்சம் வராத அறை. மருமகள் வேறு ஒரு மாதிரி.

வெள்ளிக்கிழமை ஆர்லனே டெல்மரைத் தேடி வந்தார். "நாளைக்கு ஒருத்தர் பாக்க வர்றார் டெல்மர். எடை கிடை எல்லாம் கேப்பாராம். நீங்க ஒரு எட்டு வந்து சொல்லிக்குடுங்களேன், எனக்கு அதெல்லாம் வராது."

டெல்மர் அப்போதே கூடப் போனார். ஆர்லன் டிரெய்லரின் காகிதத்தை எடுக்கப் பிக்கப்பின் கதவைத் திறந்தார். தூணில் அந்த மஞ்சள் பட்டை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. டெல்மருடைய கண் தானாக அங்கே போயிற்று. மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

பெட்ரோல் எஞ்சின் கனம் குறைவு. அந்த மிச்சமெல்லாம் சுமப்பதற்குக் கிடைத்திருக்கிறது. ஆர்லனின் டிரெய்லர் பதினோராயிரம், மூக்குப் பாரம் இரண்டாயிரத்து இருநூறு, கொக்கி, இரண்டு ஆள், நாய், சாமான். மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துவிட்டார். தாங்கும். இழுக்கவும் செய்யும், சுமக்கவும் செய்யும், மேற்கொண்டு கொஞ்சம் இடமும் இருக்கும். லேசாகத் தாழ்ந்து நின்றது குற்றமே இல்லை. காற்றுப் பை வைத்து மறைக்காத எந்த வண்டியும் பாரம் ஏறினால் அப்படித்தான் நிற்கும்.

"அதுவா? அது டயர் காத்துக் கணக்கு" என்றார் ஆர்லன், அவர் பார்ப்பதைப் பார்த்து.

"ஆமாமா" என்றார் டெல்மர். சொன்ன மறுகணமே தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லவோன், "துணி துவைக்கிற எடத்துல ரெனே அழுதுகிட்டு நின்னா" என்றாள். "அந்த நெலவறையில ஒரு ஜன்னல்கூடக் கெடையாதாம். பாவம் அவ."

டெல்மர் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைக் கிளறினார்.

"நீ ஏன் டெல் அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னே? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதுதான். நான் இல்லேன்னா சொல்றேன்?" என்றாள் லவோன். அவள் அவரை நம்பினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பசியில்லை என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. முகாமின் பொதுக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து தோசைக்கல்லில் பேன்கேக் சுட்டுச் சாப்பிடுகிற நாள். சாப்பிட்டுவிட்டு ஆண்கள் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து உட்கார்ந்தபோது, வாங்க வந்தவர் தன் வண்டியை ஆர்லனின் டிரெய்லர் முன்னால் நிறுத்தினார். கூடவே மனைவி. அந்த அம்மாள் உள்ளே போய் அலமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ரெனே நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்கு வெளியே, யாரோ மாதிரி நின்றாள்.

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"ஆர்லன், இங்க வா. விக்காதே."

"என்ன டெல்மர்?"

"உன் வண்டி தாங்கும். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

ஆர்லன் அவர் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்ல மனுஷன் டெல்மர். ரெனே அழுததை லவோன் சொல்லிட்டாங்களா? எங்க மேல பாவப்பட்டு இப்படிச் சொல்லாதீங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது, பொழச்சுக்குவோம்."

"பாவமாவது கீவமாவது! நெசமாத்தான் சொல்றேன். கதவுல போட்டிருக்குது பாரு, மூவாயிரத்து முந்நூறு."

"எடை விஷயத்துல நீங்க தப்பு பண்ணுவீங்களா? அன்னைக்கு வண்டியைப் பாத்தீங்க, பாத்த ஒடனே சொன்னீங்க. எனக்குத் தெரியாதா ஒங்களை?" ஆர்லன் வாங்க வந்தவரின் பக்கம் திரும்பினார். "வாங்க சார், உள்ள பேசலாம்."

இதற்குமேல் என்ன செய்வது? உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை. அவருடைய நல்ல பெயரே குறுக்கே வந்து நின்றது. டெல்மருக்குக் காதெல்லாம் சூடேறியது. ஆர்லனின் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிடியை விடாமல் சாலையைக் கடந்து தன் பிக்கப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். நாற்காலியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் ஓட்டுநர் கதவைத் திறந்து, சுரண்டிய இடத்தைக் காட்டினார். "இங்க என் ஸ்டிக்கர் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்." பாக்கெட்டிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, வெளியே கதவில் இருந்த 3500-க்கு அடியில் செருகி நெம்பினார். கத்தி வழுக்கியதில் பெயின்ட் கீறிக்கொண்டது. சின்னம் பெயர்ந்து கையில் வந்தது.

"இதுவும் 2500-தான் ஆர்லன். தபால்ல வாங்கி ஒட்டினேன். என் வண்டி ரெண்டாயிரம்கூடத் தாங்காது. நான் மூவாயிரத்தைத் தூக்கி வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். கீழ குனிஞ்சு பாரு, காத்துப் பை தெரியும். தாங்காதது உன் வண்டி இல்ல, என்னோடது."

ஆர்லன் குனிந்து பார்த்தார். நிமிர நேரம் பிடித்தது. எங்கள் டகோட்டாக்காரர்கள் கத்த மாட்டார்கள்; கத்தியிருந்தால் டெல்மருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லெஸ்டர், காப்பி தீரும்முன் எழுந்திருக்காத லெஸ்டர், நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் கிளம்பினார்கள்.

லவோன் கூடத்து வாசலில் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ.

"டெல்" என்றாள். "என்னையும் அதுல உக்கார வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டினியா?"

டெல்மர் கையில் இருந்த சின்னத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு தடவை வந்தோமே. நான் காலுறை பின்னிக்கிட்டே வந்தேனே டெல்!"

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த துணியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆர்லன் சாலைக்கு அந்தப் பக்கம் போய் வாங்க வந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். ரெனே ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டு, நாயைக் கீழே விட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டெல்மருக்கு இங்கிருந்து தெரியவில்லை. எதுவானாலும் போய்க் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

ஆர்லன் திரும்பி வந்தார். நன்றி சொல்லப்போகிறாரோ என்று பயந்தார் டெல்மர். திட்டு வாங்கத் தயாராக இருந்தார்; நன்றியைத்தான் தாங்க முடிந்திருக்காது. ஆர்லன் இரண்டும் செய்யவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டெல்மர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு."

"எங்கப்பா இருந்தப்பவும் சரி, அப்புறம் நான் வந்தப்பவும் சரி, நீங்க ஜன்னல்லேர்ந்து ஒரு எடை சொல்வீங்க. நாங்க ஒரு நாளும் எறங்கிவந்து முள்ளைப் பாத்ததில்ல." ஆர்லன் நிமிர்ந்தார். அவர் கண்ணில் கோபமே இல்லை. "அதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

சரியாகத்தான் இருந்தது. கடவுள் சாட்சியாகச் சரியாக இருந்தது. ஒரு பவுண்டு இப்படி அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பனி கொட்டுகிற நாளில் மேடையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் அடுத்த லாரியை ஏற்றுவார். அவர் வாழ்க்கையில் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

"சரியா இருந்துச்சு, ஆர்லன்" என்றார். "எல்லாமே சரியா இருந்துச்சு."

தன் குரலைத் தானே கேட்டார். நவம்பரில், நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்லி எது தப்பாயிருக்கு என்று கேட்டாரே, அதே குரல்தான். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை.

ஆர்லன் தலையாட்டினார். "சரி டெல்மர்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் மனைவியிடம் போனார். அவர் நம்பினாரா இல்லையா என்று டெல்மருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை அதையே அவரிடம் சொல்ல வாய் வரவும் இல்லை.